இத்தாலி பாட்டிலுக்குத் தொட்டுக்க

செஞ்சி பயணியர் பங்களாவின் காவல்காரனும் சமையல்காரனுமான கோவிந்தசாமி, சாயங்காலம் வேலை முடிந்து பின்கட்டிலிருக்கும் தன் அறைக்குள் நேரே நுழைந்துவிட முடியாது. வாசற்படியில் அவன் பெண்டாட்டி தைலம்மாள் நிற்பாள். "ஊது" என்பாள். அவன் ஊதுவான். அவள் மோந்து பார்த்துவிட்டு வழிவிடுவாள். வெறும் மோர் குடித்த நாளிலும் ஊதித்தான் ஆகவேண்டும்.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. மதுவிலக்கு அமலில் இருந்த காலம் அது; ஆனாலும் எந்தப் பனந்தோப்பில் எப்போது கள் இறங்கும் என்று கோவிந்தசாமிக்கு அத்துப்படி. ஒரு ஆடி மாசம் பனமலை ஏரிக்கரையில் விழுந்து கிடந்தவனை மாட்டுவண்டியில் அள்ளிப்போட்டு வந்த தைலம்மாள், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கமலக்கண்ணியம்மன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணவைத்தாள்.

"இனிமே ஒரு சொட்டு நாக்குல பட்டுதுன்னா, எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ தலைகீழா நின்னாலும் வரமாட்டேன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்துவிடுவாள். அவள் இல்லாமல் தன்னால் ஒருநாள்கூடத் தள்ளமுடியாது என்பது கோவிந்தசாமிக்குத் தெரியும். வெளியே சொல்ல வெட்கப்பட்டானே தவிர, அவள்மேல் அவனுக்கு உயிர். ஆகவே வருஷக்கணக்காக ஊதிக்கொண்டிருந்தான்.

அறுபத்தைந்தாம் வருஷம், தை பிறந்த கையோடு பங்களாவுக்கு இத்தாலிக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். கோட்டையையும் மண்டகப்பட்டு குகைக்கோயிலையும் பார்க்க வந்தவர். பெட்டியிலிருந்து துணி சுற்றிய ஒரு பாட்டிலைப் பச்சைப்பிள்ளையைத் தூக்குகிற பதனத்தோடு எடுத்து மேசைமேல் வைத்தார். கூட வந்த ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தி கோவிந்தசாமியைத் தனியே கூப்பிட்டார்.

"இது அவங்க ஊர் வெள்ளை ஒயின். தொரை பர்மிட் வச்சிருக்காரு, பயப்படாத. புளிப்பா இருக்குமாம், இனிப்பே இருக்காதாம். சில்லுனு குடிக்கணுமாம். அதுக்கு ஏத்தாப்ல நீ சமைக்கணும். காரம் மட்டும் கூடவே கூடாதாம். அவரு மனசு குளிர்ந்தா உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதறேன். சொதப்புனா, வேற ஆள் பாத்துக்குவேன்."

கோவிந்தசாமிக்குத் தலை சுற்றியது. பர்மனென்ட் என்ற வார்த்தைக்காக அவன் எத்தனை அதிகாரிகளுக்குக் கோழி அடித்துப்போட்டிருக்கிறான்! ஆனால் காரமில்லாமல் எவனாவது குடிப்பானா? அவன் குடித்த காலத்தில் மிளகாயில் புரட்டிய நண்டு இல்லையென்றால் கலயத்தையே தொடமாட்டான். இந்த வெள்ளைத் தண்ணீரின் குணம் தெரியவேண்டுமென்றால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். வைத்தால் வேலை நிலைக்கும், பெண்டாட்டி போய்விடுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாட்டிலை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தான்.

மளிகைக்கடை உத்திராபதி நெற்றி நிறைய விபூதியோடு கல்லாவில் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"சிவசிவா! என்னாண்ட வந்து கேக்கறியே. அந்தக் கருமத்தை நான் கண்ணால பாத்ததுகூட இல்ல." கடைப்பையன்கள் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஆனா புளிப்புன்னு சொல்ற... புளிப்புக்கு உப்பும் எண்ணெயும்தான் ஜோடி. ஏரி விரால் கெடச்சா மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி மொறுமொறுன்னு வறுத்துடு. எலுமிச்சம்பழம் தனியா வை. உப்பு மட்டும் ஒரு கல்லு தூக்கலா இருக்கணும், இல்லன்னா அது வெறும் காடியாட்டம் தெரியும்."

"எப்டி மொதலாளி இவ்ளோ கரெக்டா..."

"எல்லாம் கேள்வி ஞானம்தான்யா" என்று உத்திராபதி அவசரமாக மிளகை நிறுக்க ஆரம்பித்தார். மாசத்துக்கு ஒருமுறை அவர் கொள்முதலுக்கு என்று புதுச்சேரி பஸ் ஏறுவது ஊருக்கே தெரியும்.

ஜவுளிக்கடை ஆதிநாராயணனும் அப்படித்தான். தன் வம்சத்தில் ஒருவனும் குடியைத் தொட்டதில்லை என்று ஆரம்பித்தவர், பட்டாணிச் சுண்டலில் தேங்காய் போடு, கோழிக்கு மிளகு போதும் என்று முடித்தார். "பாட்டிலு வெதுவெதுப்பாவாம பாத்துக்கோ, கொமட்டும்" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "கொமட்டும்னு எவனோ சொன்னான்" என்றார்.

ஒரு சொட்டுக்கூடத் தொடாத இந்த உத்தமர்கள் சொன்னபடியே கோவிந்தசாமி சமைத்தான். தைலம்மாள் கூடமாட ஒத்தாசை செய்தாள். விருந்தாளி சாப்பிடுமுன் ருசி பார்த்து எச்சில் பண்ணுகிற பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. அதனால் உப்பு விஷயத்தில் கோவிந்தசாமிக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு கல் குறைத்தே போட்டான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேசை தயாரானது. வறுத்த விரால், மிளகுக்கோழி, சுண்டல். கிணற்றிலிருந்து வந்த பாட்டிலில் முத்துமுத்தாய் வேர்த்திருந்தது. எலுமிச்சம்பழம் போதுமா என்று கேட்கும் சாக்கில் உத்திராபதியும் வராந்தாவில் வந்து நின்றுகொண்டார்.

துரை கிளாஸில் ஊற்றினார். தான் குடிக்காமல் அதைக் கோவிந்தசாமியிடம் நீட்டினார். ஏதோ பேசினார்.

"சமைச்சவன் குடிக்காம மத்தவங்க தொடறது அவங்க வூட்டு வழக்கமே இல்லியாம். மொதல் கிளாஸ் உனக்குத்தானாம்" என்றார் ஓவர்சியர்.

"ஐயா, நான் சத்தியம் பண்ணியிருக்கேன்யா!"

துரை தலையாட்டிச் சிரித்தார். கிளாஸை இழுத்துக்கொள்ளவில்லை. முள்கரண்டியையும் எடுக்கவில்லை. மீன் ஆறிக்கொண்டிருந்தது.

ஓவர்சியர் பல்லைக் கடித்தார். "தொரை பட்டினி கெடந்தா உன் வேலை போச்சு. ஒரு வாய் ஊத்திக்க. சட்டப்படி நான் பாக்கக்கூடாது, அதனால நான் செவுத்தப் பாத்துக்கறேன்." சொன்னபடியே திரும்பிக்கொண்டார்.

கோவிந்தசாமி கிளாஸை வாங்கினான். சமையற்கட்டு வாசலில் தைலம்மாள் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று கிளாஸைக் கீழே வைக்கப் போனான்.

அதற்குள் தைலம்மாள் விடுவிடுவென்று வந்தாள். கிளாஸைப் பிடுங்கினாள். "சத்தியம் பண்ணது இந்த ஆளு. நான் பண்ணல. நானும்தான் சமைச்சேன்" என்றாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று முழுக்கிளாஸையும் குடித்தாள்.

அவள் முகம் கோணியது. பிறகு மெள்ள நேரானது. சமையற்கட்டுக்குள் போய்ச் சட்டியில் மிஞ்சிய மீன் துண்டொன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தாள்.

"மீனுக்கு உப்பு பத்தல" என்றாள்.

"அப்பவே சொன்னேன்ல!" என்று வராந்தாவில் ஒரு குரல் எழும்பி, சட்டென்று இருமலாக மாறியது.

துரை மீன்மேல் உப்பைத் தூவிச் சாப்பிட்டார். ஒரு வாய் குடித்தார். நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்று தைலம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சுவரைப் பார்த்தபடியே ஓவர்சியர், "எழுதிடறேன்யா, நாளைக்கே எழுதிடறேன்" என்றார்.

பாத்திரம் கழுவிவிட்டுத் தைலம்மாள் அறைக்கு வந்தபோது, வாசற்படியில் கோவிந்தசாமி நின்றுகொண்டிருந்தான்.

"ஊது" என்றான்.

அவள் ஊதினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "எனக்காகக் குடிச்சிட்டியே புள்ள. உன்னை நான் எந்த அம்மா வூட்டுக்கு அனுப்பறது?"

"சும்மா இருய்யா. நானும் போயி அம்மனாண்ட கற்பூரம் அடிச்சிடறேன்."

"நாளைக்குக் காலையிலயே போயிடலாம்."

தைலம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "தொரை எப்ப ஊருக்குப் போறாரு?"

"நாளன்னிக்கு."

"அப்ப நாளன்னிக்கே அடிச்சிக்கறேன். பாட்டில்ல இன்னும் பாதி இருக்குது. நாளைக்கும் மொதல் கிளாஸை யாராச்சும் குடிச்சாவணும்ல?"