எண்ணெய் மீட்டர்

என் அத்திம்பேரை, அதாவது அக்காவின் கணவரை, நான் ஒரு நாளும் மதித்ததில்லை. அவர் வீட்டுச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டேதான் மதிக்காமல் இருந்தேன். பௌதிகத்தில் பி.எஸ்ஸி. தேறியிருந்தேன்; வேலை கிடைக்கவில்லை. அவரோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்.

உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைத்துக்கொண்டிருந்த காலம். அத்திம்பேர் இருந்த ஒரே வயலை விற்று, திருச்சி கன்டோன்மென்டில் ஒரு டாக்டர் ஓட்டித் தேய்த்த காரை வாங்கினார். ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்களைத் திருவெள்ளறைக்கும் சமயபுரத்துக்கும் வாடகைக்கு ஏற்றிச் செல்வார். அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

அதன் பெட்ரோல் மீட்டர் எப்போதும் 'ஃபுல்' என்றே காட்டியது. அத்திம்பேர் அதைக் கையெடுத்துக் கும்பிடுவார். "நேத்திக்கும் ஃபுல், இன்னிக்கும் ஃபுல். பெருமாள் அனுக்கிரஹம்டா!" கொள்ளிடம் பாலத்தில் பெட்ரோல் தீர்ந்து, கல்யாணத்துக்குப் போன கோஷ்டி பட்டுப் புடவையோடு காரைத் தள்ளிய பிறகுதான் அனுக்கிரஹத்தின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"நீ படிச்சவன். கொஞ்சம் பாரேன்" என்றார்.

"பார்க்கறேன். நீங்க அதுவரைக்கும் ஸ்லோகம் சொல்லிண்டு இருங்கோ" என்றேன்.

ஆயுத பூஜையன்று காலையில் வேலையைத் தொடங்கினேன். மீட்டர் பலகையின் திருகுகளைக் கழற்றி, பலகையைப் பிடித்து முன்னால் இழுத்தேன். பெட்ரோல் மீட்டருக்குப் பக்கத்தில், எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் எண்ணெய் மீட்டர்; அதற்கு எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வருகிறது. அது நீளம் போதாமல் முறுக்கிக்கொண்டது. இன்னும் பலமாக இழுத்தேன். கம்பிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தேன், பழுது இல்லை. கடைசியில் காருக்குப் பின்னால் போய்ப் படுத்துப் பார்த்தால், பெட்ரோல் டாங்கியின் திருகில் துரு. மின்சாரம் தரை சேர வழியில்லாததால்தான் முள் 'ஃபுல்'லிலேயே நின்றிருக்கிறது. துருவைச் சுரண்டியதும் முள் கீழே இறங்கி உண்மையைச் சொன்னது. அதாவது, பலகையைத் தொட்டிருக்கவே வேண்டாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் அத்திம்பேர் ஒவ்வொரு மீட்டர் கண்ணாடியிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். மீட்டர்களுக்கு நேர் கீழே, கால் வைக்கும் பலகையில் ஓர் அகல் விளக்கை ஏற்றினார். அதை எடுக்கும்போது எண்ணெயைக் கொட்டி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் வாசலில் நின்று சிரித்தேன்.

மறுநாள் விஜயதசமி. ஒரு செட்டியாரும் அவர் மனைவியும் திருவெள்ளறைக்குப் புறப்பட்டார்கள். என் கைவேலையைப் பார்க்க நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். கொள்ளிடம் தாண்டியதும் அத்திம்பேர் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னமோ பிசுபிசுன்னு சொட்டறதுடா."

"நேத்திக்கு நீங்க கொட்டின விளக்கெண்ணெய்தான். மீட்டருக்கு விளக்கேத்தினா வேறென்ன ஆகும்?"

குனிந்து முகர்ந்து பார்த்திருக்கலாம். நான் குனியவில்லை.

மண்ணச்சநல்லூர் தாண்டியபோது அவர் குரல் மாறியது. "எண்ணெய் முள்ளு விழுந்துடுத்துடா. ஜீரோல நிக்கறது. ஓரமா நிறுத்தட்டுமா?"

"சந்தனம் உள்ள இறங்கியிருக்கும். பெட்ரோல் முள்ளு இத்தனை நாள் பொய் சொன்னப்போ கும்பிட்டேள். இது பொய் சொன்னா மட்டும் பயமா? பேசாம ஓட்டுங்கோ."

பின்னாலிருந்து செட்டியார், "சாமி, என்னமோ கருகுற வாசனை வருதுங்களே" என்றார்.

"வயல்ல யாரோ வைக்கோல் கொளுத்தறா" என்று நானே பதில் சொன்னேன்.

அத்திம்பேர் என்னை ஒரு முறை பார்த்தார். படித்தவன் சொல்கிறான் என்று ஓட்டினார். சிறிது தூரத்தில் எஞ்சின் ஒரு கத்தல் கத்தி நின்றது. பிறகு அது அசையவே இல்லை.

செட்டியார் தம்பதி ஒரு மாட்டு வண்டியில் ஏறிப் போனார்கள். நான் மீட்டர் பலகைக்குக் கீழே கை விட்டுப் பார்த்தேன். நான் இழுத்து முறுக்கிய இடத்தில் குழாய் விரிசல் கண்டிருந்தது. எஞ்சினின் எண்ணெய் முழுவதும் அதன் வழியாகத்தான் அவர் காலில் சொட்டித் தீர்ந்திருக்கிறது. முள் சொன்னது உண்மை.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டார்.

"பழைய குழாய். தானா விட்டுப்போச்சு" என்றேன்.

கார் பழைய இரும்புக்குப் போயிற்று. அத்திம்பேர் திருச்சியில் ஒரு ஜவுளிக் கடையில் துணி மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வயது முதிரும்வரை காவிரிப் பாலத்தின் மேல் சைக்கிளில் போய் வந்தார். "மச்சினன் சரியாத்தான் பண்ணிக் கொடுத்தான். நான்தான் சந்தனத்தை அப்பிக் கெடுத்துட்டேன்" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. அவரை நான் முட்டாள் என்று நினைத்ததற்கெல்லாம் அவரே சாட்சி சொல்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. என்னைப் போல் இத்தனை கேவலமானவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவர் சைக்கிளைத் துடைத்து வைப்பார். சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். "எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு நீ சொல்லுடா. மெஷின் விஷயம் உனக்குன்னா தெரியும்."

நானும் குனிந்து பார்த்து, இடம் காட்டுவேன்.