முப்பத்தொரு தீப்பெட்டிப் படங்கள்

தீப்பெட்டியின் மேல்கூட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு வாசனை எழும். மருந்தும் பசையும் நனைந்த மரச்சில்லும் கலந்து, மூக்கின் அடியில் லேசாகக் கரிக்கும். அந்த வாசனை வந்த பிறகு ஒரு மூலையை நகத்தால் தூக்கினால் படம் முழுசாக உரிந்து வரும், அதற்கு முன்னால் தூக்கினால் கிழியும் என்பதை என் தம்பி ஜெயசீலன் மூன்றரை வயதில் தானாகவே கண்டுபிடித்திருந்தான். எனக்கு அப்போது பத்து வயது. நான் கடிகாரத்தைப் பார்த்து ஏழு நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். என்னுடையவை அடிக்கடி கிழிந்தன.

தாம்பரத்தை ஒட்டிய கடப்பேரியில், ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து "போர்ஷன்" இருந்த வாடகை வீட்டில் மூன்றாவது எங்களுடையது. அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். திருகாணியிலிருந்து சங்கிலி வரை எல்லாவற்றையும் பெயர்வரிசையில் அடுக்கி அட்டை தொங்கவிட்டிருப்பதாகப் பெருமையோடு சொல்வார். "வெச்ச சாமான் வெச்ச எடத்துல இருக்கணும்" என்பது வீட்டில் நாளுக்கு நான்கு முறையாவது காதில் விழும். கம்பெனியில் மிஞ்சும் டைரி ஒன்றை ஆண்டுதோறும் எனக்குக் கொண்டுவந்து தருவார். பத்து வயதில் தொடங்கிய டைரி எழுதும் பழக்கம் இன்றுவரை விடவில்லை. இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த முதல் டைரியில் இருப்பதுதான்.

தீப்பெட்டிகள் பக்கத்துப் போர்ஷன் கன்னியம்மா அக்காவிடமிருந்து வந்தன. அவர் பூ கட்டி மார்க்கெட்டில் விற்பவர். அவருடைய கணவர் ஓயாமல் பீடி பிடிப்பவர். "எங்க வூட்டுக்காரு பீடி குடிக்கிறதுல உருப்படியா ஆவற ஒரே காரியம் இதாண்டா" என்று சொல்லி, காலிப்பெட்டிகளை முந்தானையிலிருந்து எடுத்துச் சீலனின் மடியில் போடுவார்.

அந்தக் கோடையில் எங்களிடம் முப்பத்தொரு படங்கள் சேர்ந்திருந்தன. அணில், ஆமை, கப்பல், கிளி, சாவி, சேவல், மயில், மான், ரயில், விளக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பலவற்றில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருந்தது என்பதால், கீழே தமிழில் நான் எழுதினேன். அந்த விளையாட்டில் என் பங்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் சீலனுடையது. பிஸ்கட் டின்னைச் சிமெண்ட் தரையில் கவிழ்த்துக் கைகளால் கலக்குவான். முதலில் கைக்கு வருவது கதாநாயகன். அடுத்து வருவது அவனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அணிலுக்கு அடுத்து கப்பல் வந்தால் அணில் டிக்கெட் வாங்காமல் கப்பலில் ஏறிவிடும். சேவல் வந்தால் அதுதான் டிக்கெட் பரிசோதகர். சாவி வந்தால் சேவல் அணிலை அறையில் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியை விழுங்கிவிடும். கதை போகிற போக்கு பிடிக்காவிட்டால் நடுவிலிருந்து ஒரு படத்தை எடுத்து வேறிடத்தில் வைப்பான். உடனே சேவல் செய்த குற்றம் கப்பலின் மேல் விழும்.

கன்னியம்மா அக்கா பூ தொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். "டேய் சீலா, அந்தக் கோயி சாவிய முயுங்கிச்சே, வவுறு வலிக்கல அதுக்கு?"

"வலிச்சுது. வெளிக்குப் போச்சு. சாவி வந்துடுச்சு."

"கய்வுனாங்களா?"

"ஆமை கழுவிச்சு" என்பான், ஆமைப் படத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு. அக்கா சிரிக்கிற சிரிப்பில் மடியிலிருந்த பூவெல்லாம் கொட்டும்.

அவனுக்கு யாரும் எழுத்து சொல்லித்தரவில்லை. படங்களுக்குக் கீழே இருந்த கோடுகளை அவை அந்தந்தப் பிராணியின் காலடித் தடம் என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் அணில், கப்பல், சேவல், மயில், ரயில் ஐந்தையும் தனியாக எடுத்து வைத்து, "இதுக்கெல்லாம் ஒரே வால்க்கா" என்றான். கடைசியில் நின்ற "ல்"லைத்தான் சொல்கிறான் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமானது. அடுத்த வாரம் பெரியம்மா வீட்டுக்கு மின்சார ரயிலில் போகும்போது பல்லாவரம் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "அக்கா, கப்பலோட ப! பக்கத்துல வாலு!" எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைய டைரிப் பக்கத்தில், "சீலன் பல்லாவரத்தில் இரண்டு எழுத்து படித்தான். வயது மூன்று வருடம், பத்து மாதம்" என்று இருக்கிறது.

அதற்குப் பத்து நாள் கழித்துத்தான் "எல்.கே.ஜி. இன்டர்வியூ"வுக்குத் தேதி வந்தது.

இங்கிலீஷ் மீடியத்தில் இடம் கிடைக்க நான்கு வயதுப் பிள்ளைகள் மேசைக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டிய காலம் அது. (இன்னும் அப்படித்தான், இப்போது அதை "இன்டராக்‌ஷன்" என்கிறார்கள்.) நான் அரசுப் பள்ளி ஒன்றில் தமிழில் படித்துக்கொண்டிருந்தேன். சீலனாவது இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்பதில் அப்பா உறுதியாக இருந்தார். "ஒனக்குத்தாம்மா பொறுமை இருக்கு. அவன ஒரு ஒழுங்குக்குக் கொண்டா" என்று என்னிடம் சொன்னார். ஒரு பெரிய மனுஷியிடம் பொறுப்பை ஒப்படைப்பதுபோலச் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

நான் செய்தது இது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சீலன் தூங்கிய பிறகு, மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டு, புது "லாங் சைஸ் நோட்டு" ஒன்றில் முப்பத்தொரு படங்களையும் அகர வரிசையில் ஒட்டினேன். பக்கத்துக்கு ஒன்று. மேலே சிவப்பு மையில் எண், கீழே தமிழ்ப் பெயர், அதற்கும் கீழே இங்கிலீஷ் பெயர். ஸ்கேல் வைத்து ஓரம் பிடித்தேன். ஒரு படம்கூடக் கோணவில்லை. அந்த அளவு நேர்த்தியாக ஒரு காரியத்தை அதற்குப் பிறகு என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.

எழுந்து வந்தவன் டின்னைத் திறந்து பார்த்தான். கவிழ்த்துப் பார்த்தான். நான் நோட்டை விரித்துக் காட்டினேன். பக்கங்களைப் புரட்டி, கப்பலைக் கண்டதும் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பக்கத்தின் விளிம்புக்குத் தள்ளினான். அது நகரவில்லை. மறுபடி தள்ளினான். பிறகு மூலையை நகத்தால் தூக்கினான், ஊறாத பெட்டியில் ஒருபோதும் அப்படிச் செய்யாதவன். பாதிக் கப்பல் கையோடு வந்தது. நான் பக்கத்திலிருந்த மர ஸ்கேலை எடுத்து அவன் கையில் அடித்தேன். இரண்டு அடி.

அவன் அழுததை விடவும், அழுது முடித்த பிறகு கையிலிருந்த பாதிக் கப்பலை என்னிடமே நீட்டியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. நான் அதை வாங்கி, சரியாகப் பொருத்தி, மறுபடி ஒட்டினேன்.

"அவன் வெளையாடறத எதுக்குடி எடுத்து ஒட்டின?" என்று அம்மா கேட்டார். அன்று மாலை அப்பா வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, "ஸ்டோர் லெட்ஜர் கெட்டுது போ" என்று என் தலையில் கைவைத்ததும் அம்மாவின் கேள்வி காணாமல் போனது. கன்னியம்மா அக்கா மட்டும் விடவில்லை. "இன்னா பாப்பா, ஓடிக்கினு கெடந்ததையெல்லாம் புட்ச்சி ஜெயில்ல போட்ட மாரி கீது?" என்றார். படிக்காதவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னேன், அவர் காதில் விழும்படியே. அதற்குப் பிறகும் தீப்பெட்டிகள் வந்தன. சீலன் அவற்றை வாங்கி வாசலிலேயே வைத்துவிட்டு வருவான்.

இரண்டு வாரம், மாலை ஐந்திலிருந்து ஆறு வரை பாடம் நடந்தது. நான் பக்கத்தைத் திருப்ப, அவன் கையைக் கட்டிக்கொண்டு சொல்வான்: அணில், ஸ்குவிரல், ஆமை, டார்ட்டாய்ஸ். "ஆமை என்னா பண்ணுதுக்கா?" என்று முதல் மூன்று நாள் கேட்டான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்றேன். நான்காம் நாளிலிருந்து கேட்கவில்லை. டைரியில் ஒவ்வொரு நாளும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். இருபத்து நான்கு, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்தொன்று.

இன்டர்வியூ அன்று நானும் லீவு போட்டுவிட்டு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த அறையின் கதவோரம் நின்றேன். நோட்டை யாரும் கேட்கவில்லை. வயதான டீச்சர் ஒருவர் மேசையில் நான்கு பட அட்டைகளைப் பரப்பினார். சேவல், விளக்கு, கப்பல், மீன். சீலனைப் பார்த்துக் குனிந்து, தமிழிலேயே, மெதுவாகச் சொன்னார்: "கண்ணா, இத வெச்சு டீச்சருக்கு ஒரு கதை சொல்றியா? ஒனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லலாம்."

சொல்லுடா, சொல்லுடா என்று உதடு அசைத்தேன். அவன் நான்கு அட்டைகளையும் பார்த்தான். கப்பலை எடுத்து முதலில் வைத்தான். அடுத்து சேவல். அடுத்து மீன். கடைசியாக விளக்கு, அகர வரிசை பிசகாமல். ஓரங்களைச் சமமாகத் தட்டிச் சரிசெய்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றான். கதை அவ்வளவுதான்.

டீச்சர் சற்றுநேரம் காத்திருந்தார். அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. அது என்ன என்று ஊகிக்கும் வயது எனக்கு அப்போது இல்லை. பிறகு அப்பாவிடம், "வெரி வெல் டிரெயின்ட்" என்றார். இடம் கிடைத்தது. அப்பா தாம்பரம் ஸ்டேஷன் அருகே இறங்கி மைசூர்பாகு வாங்கி, ஐந்து போர்ஷனுக்கும் கொடுத்தார். எல்லோரிடமும் "எம் பொண்ணோட வேலை" என்றார்.

சீலன் கெட்டுப்போனான் என்று சொன்னால் பொய்யாகும். எந்த வகுப்பிலும் தவறவில்லை. திருமுடிவாக்கத்தில் ஓர் எந்திரப் பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறான், வரைபடத்தை ஒரு நூல் பிசகாமல் படிப்பான் என்கிறார்கள். ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வரி அவன் எப்போதும் படித்ததில்லை. நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது ஆண்டுகளாக நான் ஒரு கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கதையும் விளையாட்டும்தான் குழந்தைக்கு எழுத்தைத் திறந்துவிடும் என்று வழவழப்பான தாளில் கையேடுகள் கட்டுக் கட்டாக வருகின்றன. அவற்றைப் பிரித்து அலமாரியில் அடுக்குவது என் வேலை. முதல் கையேட்டைப் படித்த அன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

போன மாதம் கோவிலம்பாக்கத்தில் அவன் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகள் ஜெனிக்கு மூன்றே முக்கால் வயது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அத்தை, லிஃப்ட் நாலாவது மாடியில தூங்கிட்டிருக்கு, எழுப்புனா கோவிச்சுக்கும், அதான் நீங்க படியில வந்தீங்க" என்றாள். லிஃப்ட் பழுது. சீலனின் மனைவி, "இதே பேச்சுதான் அண்ணி, ஜூன்ல அட்மிஷன், ஒரு லெட்டர் எழுத உக்கார மாட்டேங்கறா" என்றாள்.

சீலன் சொன்னான்: "அக்கா, எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியே இவளுக்கும் சொல்லிக் குடேன். ஒரே சிட்டிங்ல சீட்டு வாங்கிட்டேன்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரே."

நான் அப்போதுதான் அவனிடம் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். டின், அணில், பல்லாவரம், ஸ்கேல். அவன் சிரித்தான். "நானா? கதையா? எனக்கு ஒன்னுமே ஞாபகம் இல்லக்கா" என்றான். கூச்சத்துக்காகச் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையிலேயே இல்லை. அந்தக் காம்பவுண்டு இடிந்து ஃபிளாட் ஆகிவிட்டது, கன்னியம்மா அக்கா பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போனதாகக் கேள்வி, தீப்பெட்டியில் இப்போது படத்தை நேராக அட்டையிலேயே அச்சடித்துவிடுகிறார்கள், ஊறவைத்தால் எதுவும் உரியாது. அந்தக் கதைகளைக் கேட்டவள் நான் ஒருத்திதான் மிச்சம். சொன்னவன் இல்லை.

"என்னால முடியாதுடா" என்றேன். "அவள விடு. அவ பாட்டுக்குப் பேசட்டும். நீ கூட உக்காந்து கேளு, போதும்."

அவன் முகம் சுருங்கியது. "பரவால்லக்கா. ஒனக்கு ஆயிரம் வேலை" என்றான். அவன் மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த திங்களே மேடவாக்கம் கூட்ரோட்டில் ஒரு டியூஷனில் சேர்த்துவிட்டார்கள்.

நேற்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. ஜெனி கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்கிறாள். யாரோ ஒரு மிஸ்ஸின் விரல் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்புகிறது. நடுவில் ஓரிடத்தில் அவள் பார்வை ஜன்னல் பக்கம் போகிறது. "மிஸ், அந்தப் பூனை..." என்று தொடங்குகிறாள். "நெக்ஸ்ட்" என்கிறது குரல். அவள் திரும்பி, அடுத்ததைச் சொல்கிறாள்.

கீழே சீலன் எழுதியிருந்தான்: "பாத்தியாக்கா, ஒரு தப்பு இல்ல."

கைதட்டும் படம் ஒன்றைத் தேடி எடுத்து, அனுப்பினேன்.