கடைசி நிமிடத்தில் ஏறிய பின்வரிசை

அந்த வசனத்தை நான் ஏன் எழுதினேன்? பேனையைக் கீழே வைத்திருக்கலாம். மகளுக்கு மூக்குத் துடைக்கிறேன் என்று எழும்பிப் போயிருக்கலாம். கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம், மண்டபத்தில் அவ்வளவு சத்தம். ஆனால் எழுதினேன். அதுவும் அழகான கையெழுத்தில். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆண்கள் கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு சுவிஸில் ஒரு கிளை இருக்கிறது. ஓர்லிகோனில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு ஞாயிறு கூடுவார்கள். கணவர் அதன் செயலாளர். செயலாளர் என்றால் கையெழுத்து வைப்பவர். கூட்ட அறிக்கையை எழுதுபவள் நான். இங்கேயே வின்டர்தூரில் பிறந்து, தமிழ்ப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்துப் பரிசும் வாங்கியதற்குக் கிடைத்த தண்டனை இது. சங்கத்தில் நான் உறுப்பினர்கூட இல்லை. "தங்கச்சியின்ரை தமிழ் மாதிரி எங்களுக்கு வராது" என்று சொல்லிக் கொப்பியை என் மடியில் வைத்துவிட்டு, அவர்கள் கதைக்கப் போய்விடுவார்கள்.

அவர்கள் கதைப்பது உதைபந்தாட்டம். வேறு எதுவும் இல்லை. கல்லூரி ஆய்வுகூடத்துக்கு என்ன தேவை என்று வந்த கடிதத்தை நான் இரண்டு கூட்டங்களில் நிகழ்ச்சி நிரலில் போட்டேன். இரண்டு தடவையும் நேரம் போதவில்லை. ரயிலைப் பிடிக்கக்கூட ஓடமுடியாத மனிதர்கள், எந்த வருடத்து அணி வேகமானது என்று மூன்று மணித்தியாலம் வாதாடுவார்கள்.

அவர்களுடைய வாதங்களில் பெரியது மாஸ்டரைப் பற்றியது. மாஸ்டர் கல்லூரி அலுவலகத்தில் கிளாக்காக இருந்தவர். பின்னேரங்களில் பின்வரிசை ஆட்டக்காரருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். கோல் அடிக்கப் பழக்குவதற்கு வேறொருவர் இருந்தார். மாஸ்டருக்குத் தெரிந்தது கோல் விழாமல் காப்பது. நான்கு பொடியன்களின் இடுப்பையும் ஒரே நீளக் கயிற்றால் கட்டி, "ஏறு" என்று கத்துவாராம். நால்வரும் ஒரே அடியில் முன்னால் போகவேண்டும். ஒருவன் பிந்தினால் கயிறு இழுத்து எல்லோரும் விழுவார்கள். எதிரணிக்காரனுக்குப் பந்தை உதைக்கப்போகும் கணத்தில் இவர்கள் நால்வரும் ஒன்றாக ஏறிவிட்டால், அவன் தனியே பின்னால் மாட்டுப்பட்டுவிடுவான், நடுவர் ஓஃப்சைட் என்று ஊதிவிடுவார். ஒருவன் ஏறாமல் நின்றாலோ, எதிரணிக்காரனுக்குக் கோல்வரை வழி திறந்துவிடும்.

சமாதான காலத்தில் நடந்த ஓர் இறுதிப் போட்டியில் அதுதான் நடந்தது. கடைசி நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. மூவர் ஏறினார்கள், ஒருவன் நின்றுவிட்டான், கோல் விழுந்தது, கிண்ணம் போனது. அந்த வேளையில் ஏறச் சொன்னது யார் என்று அதிபர் கேட்டபோது, "நான்தான்" என்றார் மாஸ்டர். அதன்பிறகு கல்லூரி அவரை மைதானத்துக்குக் கூப்பிடவில்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தெரிந்தது வேறு.

இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் யாழ்ப்பாணம் போனபோது மாஸ்டரைப் பார்க்கப் போனோம். கணவருக்குப் போக விருப்பமே இல்லை. நான்தான் மரியாதை என்று வற்புறுத்தினேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் நிலத்தில் கிடந்ததை எடுத்து வாயில் வைத்துவிடுவாள் என்ற பயத்தில் நான் பாதிக் கதையைக் கேட்கவில்லை. கேட்ட பாதி போதும். மாஸ்டர் என் கணவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டார்: "என்னடாப்பா, இப்பவும் 'ஏறு' எண்டு கத்துறனியோ?"

கணவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த மாஸ்டரின் மனைவி, "அந்தப் பந்தை விட்டாப் பிறகு இவர் பின்னேரத்திலை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் கேற்றடியிலை நிக்கிறவர்" என்றார். மாஸ்டர், "உந்தக் கதையை விடும்" என்று அவரை அடக்கினார்.

திரும்பி வரும்போது ஓட்டோவில், மாஸ்டர் ஏன் அப்படிக் கேட்டார் என்று நான் கேட்டேன். கணவர் வெளியே பார்த்தபடி சொன்னார். அன்று இடைவேளையில் மாஸ்டர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: கடைசிப் பத்து நிமிடம் ஒருவரும் ஏறக்கூடாது, பின்னால் நில்லுங்கள். எதிரணி முன்வீரன் அன்று முழுக்க என் கணவரை நக்கலடித்திருக்கிறான். சனத்துக்கு முன் அவனை மாட்டவேண்டும் என்று, நடுவில் நின்ற என் கணவர்தான் "ஏறு" என்று கத்தியிருக்கிறார். ஏறாமல் நின்றவன் ஒருவன்தான் மாஸ்டரின் சொல்லைக் கேட்டவன். "நான் அதிபரிட்டைச் சொல்லத்தான் போனனான். அதுக்குள்ளை மாஸ்டர் சொல்லிப்போட்டார்" என்றார் கணவர். அவருக்கு அப்போது பதினேழு வயது. பதினேழு வயதை நான் மன்னித்தேன். மன்னிப்பது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

இனி அந்தக் கூட்டம். கோடை காலத்தில் சங்கம் நடத்தும் சுற்றுப்போட்டியில், சிறந்த பின்வரிசை ஆட்டக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கலாம், அதற்கு மாஸ்டரின் பெயரை வைக்கலாம் என்று கண்ணாடி போட்ட ஓர் அண்ணை பிரேரணை கொண்டுவந்தார். மாஸ்டருக்கு ஏற்கெனவே தொலைபேசியில் சொல்லியும்விட்டாராம். அவர் சந்தோசப்பட்டாராம். மகளுக்கு அன்று உடம்பு லேசாகச் சுட்டது. கூட்டிவந்தது பிழையோ, வீட்டில் நின்றிருக்க வேண்டுமோ என்று யோசித்தபடி அவளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் எழுதினேன்.

"அந்தாளுக்குக் கிண்ணமோ?" என்று எழும்பினார் ஓல்டனில் களஞ்சியத்தில் வேலைசெய்யும் அண்ணை. "அந்தாளாலைதானே எங்கடை கிண்ணம் போனது!"

மண்டபம் சிரித்தது.

"எத்தினை வருசம் பின்வரிசையைக் கட்டி எழுப்பின மனுசன், அண்ணை. ஒரு மேட்சை வைச்சுக் கதைக்கிறதோ?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஐசே, அது மேட்ச் இல்லை, ஃபைனல்! சும்மா பின்னுக்கு நிண்டிருந்தால் பெனால்டிக்குப் போயிருக்கும். இந்தாள் ஏறு எண்டுது."

"நீங்கள் அண்டைக்குக் கிரவுண்டிலை நிண்டனீங்களோ?"

"நான் அப்ப இஞ்சை. வீடியோ பாத்தனான். ஒருக்கால் இல்லை, நூறு தரம்."

"வீடியோவிலை மாஸ்டர் தெரியிறாரோ?"

"அவர் ஏன் தெரியவேணும்? அவரின்ரை விசர் தெரியுதே!"

மீண்டும் சிரிப்பு. அந்தப் போட்டியைப் பார்த்தேன் என்று சொல்லும் எல்லோரும் உண்மையில் பார்த்திருந்தால் அந்த மைதானத்தில் இடமே போதியிருக்காது. ஒருவர், மாஸ்டர் காவலை அவ்வளவு இறுக்கிப் பழக்கியதால்தான் சொந்த அணியின் முன்வீரர்களுக்குப் பயிற்சியில் ஒரு கோலும் அடிக்கக் கிடைக்கவில்லை, அதனால்தான் அவர்கள் உருப்படவில்லை என்றார். இதையும் தலையாட்டிக் கேட்டார்கள். இன்னொருவர், மாஸ்டர் கையில் கொடுத்தால் சுவிஸ் தேசிய அணிக்கே கோல் விழாது என்றார். அதற்கும் அதே தலைகள் ஆடின. சிற்றுண்டிக்கு ரோல்ஸ் தட்டு வந்தபோது மட்டும் இரண்டு கட்சியும் பிசகாமல் ஒன்றாக முன்னேறின. ஒரு மனிதனின் வாழ்க்கையை வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே அடுத்த ரோல்ஸுக்குக் கை நீட்டுகிறார்களே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது ஓல்டன் அண்ணை திரும்பினார். "ஏன் நாங்கள் கத்துவான்? அண்டைக்கு நடு பெக்கா விளையாடினவர் இஞ்சை இருக்கிறார். தம்பி, நீ சொல்லு. அந்தாள்தானே ஏறச் சொன்னது?"

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையுடன் சுவரோரம் நின்றார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இதுவரை அவர் பேசாமல் இருந்தவர் மட்டும்தான், பொய் சொன்னவர் அல்ல என்று நான் எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

"மாஸ்டர் சொன்னதைத்தான் நாங்கள் செய்தம்" என்றார்.

"எழுது தங்கச்சி, எழுது!" என்றார் ஓல்டன் அண்ணை. நான் எழுதினேன். பிரேரணை தோற்றது. கை உயர்த்தாதவர்களில் என் கணவரும் ஒருவர். ஐந்து மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டும் என்பதால் கதிரைகளை அடுக்கினோம்.

காரில் மகள் பின்னால் நித்திரை. கணவர் கேட்டார்: "நீர் அதை எழுதினனீரோ?"

"ஓம். நீங்கள் சொன்னதுதானே."

"எழுதாமல் விட்டிருக்கலாம்."

அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு வந்ததை வெறுப்பு என்று சொல்லமாட்டேன், இளக்காரம் என்று சொல்லலாம். சொன்னவருக்குப் பிரச்சினை இல்லை, எழுதியவளில்தான் குறை. "மாஸ்டருக்கு என்ன சொல்லப்போறீங்கள்?" என்றேன்.

"அவரே ஒண்டும் சொல்லாமல் இருக்கிறார். உமக்கேன்? பிள்ளைக்கு முன்னாலை உதுகளைக் கதையாதையும்."

பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அன்றிரவு காய்ச்சல் இறங்கிவிட்டது. எனக்குத்தான் இறங்கவில்லை. நானும் உத்தமி இல்லை. மாஸ்டரின் பெயர் தோற்றபோது என் மனதில் முதலில் வந்தது, நல்லவேளை இவரை யாரும் துருவிக் கேட்கவில்லை என்ற ஆறுதல். அந்த அண்ணைமாரின் பிள்ளைகளோடுதான் என் மகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகப்போகிறாள். அவளுடைய அப்பாவைப் பார்த்து ஒரு மண்டபமே சிரிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாஸ்டரைப் பார்த்துச் சிரித்ததை மட்டும் இருந்து கேட்டேன்.

வருகிற ஞாயிறு அடுத்த கூட்டம். எங்கள் சங்கங்களின் வழக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலில் சென்ற கூட்டத்து அறிக்கையைச் செயலாளர் எழும்பி நின்று வாசிக்கவேண்டும். திருத்தம் உண்டோ என்று தலைவர் கேட்பார். இல்லை என்றால் ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், செயலாளர் கையெழுத்து வைப்பார். அதோடு அது உண்மையாகிவிடும். நாளைக்குச் சங்கத்தின் மலரில் மாஸ்டரைப் பற்றி யார் எழுதினாலும் அந்தக் கொப்பியைத்தான் புரட்டுவார்கள். என் கணவர் தன் பொய்யைத் தன் குரலில் வாசித்து, தானே கையெழுத்தும் வைக்கப்போகிறார். என் எழுத்தில்.

அவரிடம் மூன்று தடவை கதைத்துப் பார்த்தேன். "பாப்பம்" என்கிறார். மாஸ்டருக்குத் தொலைபேசி எடுக்க இலக்கத்தைத் தேடி எடுத்தேன், அழுத்தவில்லை. அவர் விடச் சொல்வார். அவர் விடச் சொன்னார் என்பதையே நான் சாட்டாக வைத்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம், ஆனால் பக்கங்களுக்கு இலக்கம் போட்டவளும் நான்தான். திருத்தம் உண்டோ என்று கேட்கும்போது நான் கை உயர்த்தலாம். உறுப்பினர் அல்லாதவளுக்கு அந்த உரிமை உண்டா என்பதைப் பற்றி அவர்கள் இன்னொரு மூன்று மணித்தியாலம் வாதாடுவார்கள், அது வேறு. ஆனால் கை உயர்த்தியபின் நான் யாருடைய காரில் வீட்டுக்கு வருவது?

நான் இங்கே யாருடைய பெயரையும் எழுதவில்லை. வாசிக்கிறவர்களில் கணவரோடும் மனச்சாட்சியோடும் ஒரே வீட்டில் குடியிருந்தவர்கள் இருப்பீர்கள். அவர் தானாகச் சொல்லும்வரை நான் பொறுத்திருக்க வேண்டுமா, அல்லது அந்தக் கேள்வி வரும்போது என் கையை உயர்த்த வேண்டுமா? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமைக்கு முன்.