டோக்கன் தேதியும் கரை சேர்ந்த தேதியும்

ராமேஸ்வரத்தில் எங்கள் விசைப்படகுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கோர்ஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது, தலைக்கனத்துக்கும் குறைவில்லை. அனுமதி டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போன படகை ஒரு வாரம் கரையில் கட்டிப்போடுவது சங்கத்தின் விதி. அப்படிப் போனவர்கள் யார் யார் என்று மாதக் கடைசியில் அறிக்கை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

டோக்கன் கொடுத்த விவரம் ஓர் அட்டவணையில் இருக்கும், மீன் இறக்கிய விவரம் இன்னொன்றில். மீன் இறக்கிய படகுக்கு அதே தேதியில் டோக்கன் இருக்கிறதா என்று கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னேன். வந்த அறிக்கையைப் பார்த்தால், ஊரில் உள்ள அத்தனை படகும் டோக்கன் இல்லாமல் போயிருந்தன. செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சனிக்கிழமை டோக்கன் வாங்கிக்கொண்டு போகிற படகு ஞாயிறு விடியத்தானே கரை சேரும்? என் அய்யாவே விசைப்படகுக்காரர், வாராவாரம் அப்படித்தான் வீட்டுக்கு வருவார். அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

சரி என்று தேடலை மாற்றினேன். கரை சேர்ந்த தேதியிலோ அதற்கு முன்போ அந்தப் படகு வாங்கிய டோக்கன்களில் கடைசி டோக்கனை எடுக்கச் சொன்னேன். இந்த முறை ஒரு படகுகூட மாட்டவில்லை. செயலாளருக்கு ஏக சந்தோஷம். இதையே வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஒருத்தர்கூடவா விதியை மீறவில்லை? யோசித்தபோதுதான் பிடிபட்டது. சனிக்கிழமை டோக்கன் வாங்காமல் போன படகுக்கு, புதன்கிழமை வாங்கிய பழைய டோக்கனைக் கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் தேடல். டோக்கன் அன்றையதாகவோ முந்தின நாளையதாகவோதான் இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை சேர்த்தேன். ஒரே ஒரு வரி வந்தது. எங்கள் படகு.

அறையில் வேறு யாரும் இல்லை. பழைய அறிக்கையை ஒட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஒரு வாரம் படகு நின்றால் வீட்டில் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அய்யா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளில் இருந்த தேதிக்கு முந்தின சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டதும் மறைக்கவில்லை. என்ஜின் மக்கர் பண்ணியதாம், சரியாகிற நேரத்துக்கு டோக்கன் கொடுக்கிறவர் கிளம்பிவிட்டாராம், படகில் ஏற்றிய ஐஸ் உருகிக்கொண்டிருந்ததாம், டோக்கன் இல்லாமலே கடலுக்குப் போய்விட்டாராம்.

"வேற யாரும் மாட்டலையா?" என்றார்.

"இல்லய்யா. நம்ம படகு மட்டுந்தான்."

தட்டிலேயே கையைக் கழுவினார்.

"அப்பக் கொண்டுபோயி ஒட்டிரு தாயி. கணக்கு சரியாத்தான இருக்கு."

ஒட்டினேன். படகு ஒரு வாரம் நின்றது. அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அய்யா மட்டும் தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, சங்கத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார். கடலுக்குப் போகலையா என்று யாராவது கேட்க வேண்டும், அதற்காகவே காத்திருப்பார். கேட்டவரிடம் பலகையைக் காட்டுவார்.

"செயலாளரே நான் ஒழுங்குன்னு விட்டுட்டாரு. எம் மக விடல."