மெஹர் தன் தலையில் போட்டுக்கொண்ட தப்பு

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்கு வந்த தண்ணீர் லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடியிலிருந்து என் பேத்தி நந்தினி செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்தாள். “ஆயா, மெஹர் அக்கா பூட்டாங்க” என்றாள். குடம் வழிந்து ஓடியது. பின்னால் நின்றவள்தான் குழாயைத் தன் குடத்துக்கு மாற்றினாள். நந்தினியோடு ராயபுரம் ஆபீசில் வேலை பார்த்த மூத்தவள் மெஹர். சிறுநீரகக் கோளாறு என்று தெரியும். இத்தனை சீக்கிரம் என்று தெரியாது. நாற்பத்திரண்டு சாகிற வயசா?

அந்த ஆபீசில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நானும் போனேன். ஒருவர் நல்ல மனசோடுதான் பேசினார்: “அவ்வளவு கெட்டிக்காரங்களும் ஒருமுறை வெளியே போற சாஃப்ட்வேருக்குள்ளே பாஸ்வேர்டை விட்டுட்டாங்க. ஆனா மறைக்காம ஒத்துக்கிட்டாங்க.” பக்கத்தில் நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தப்பு மெஹர் செய்ததில்லை. மெஹரைத் தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லத்தான், அஞ்சாங்கிளாஸ் படித்த நான் இதை எழுதுகிறேன்.

நந்தினி வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். மெஹர்தான் நாற்காலி இழுத்துப் போடுவாள். “அப்படி இன்னாதான்மா பண்றீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பட்டாவுக்கு மனு குடுக்கறீங்களே ஆயா, அச்சடிச்ச தாள்ல பேரு, ஊரு மட்டும் ரொப்புவீங்க இல்ல? அதுமாதிரிதான். ஒரு சாஃப்ட்வேர் ஓடறதுக்கு வேணுங்கறத எல்லாம் ஒரே மூட்டையா கட்டறோம். கன்டெய்னர் இமேஜ்னு பேரு. அதுக்கு ஒரு டெம்ப்ளேட் எழுதிக்கீறேன். கம்பெனிக்குக் கம்பெனி காலி எடத்த ரொப்புனா மூட்டை ரெடி.”

“தப்பா ரொப்புனா?”

“மூட்டையும் தப்பாத்தான் வரும். அதான் ஒவ்வொரு எடத்துக்கும் பக்கத்துல நோட்டு எழுதி வெக்கிறேன். எவன் படிக்கிறான்?” என்று சிரித்தாள்.

என் பேத்தியும் படிக்கவில்லை. கம்ப்யூட்டரில் அவளுக்குத் தனிக் கணக்கு இன்னும் கொடுக்காததால் மெஹரின் கணக்கில்தான் வேலை செய்தாள். ‘பாஸ்வேர்டை இங்கே போடாதே’ என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவசரத்தில் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டாள். அப்படிப் போட்டது மூட்டைக்குள்ளேயே தங்கிவிடுமாம். மேலே துடைத்தாலும் அடியில் நிற்குமாம், தோண்டினால் யாரும் எடுத்துவிடலாமாம். அந்த மூட்டை வெளிக் கம்பெனிக்குப் போய்விட்டது.

நான் சாப்பாட்டோடு போன நேரம், உள்ளே மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். “யாரு போட்டது? இன்னைக்கே வெளியே அனுப்பறேன்.” நந்தினி வாயைத் திறப்பதற்குள் மெஹர் சொன்னாள்: “என் கணக்குலதானே போயிருக்கு சார்? நான்தான்.”

அந்த வருஷம் மெஹரை டீமுக்குத் தலைவி ஆக்குவதாக இருந்தார்கள். அது நின்றுபோனது.

அன்றே நந்தினி என்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். மாடிப்படியில் மெஹரின் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏம்மா இப்படிப் பண்ணே?”

“உங்க பேத்தி சேர்ந்து ரெண்டு மாசந்தான் ஆவுது. இப்பத் தொரத்துனா வேற எவன் சேப்பான்? என்னைத் தொரத்த மாட்டாங்க ஆயா, நான் இல்லாம இவங்களுக்குக் கை ஓடாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.” இரண்டு படி ஏறித் திரும்பி, “ஆனா அவளை மட்டும் நல்லாத் திட்டுங்க” என்றாள்.

மறுநாளே டெம்ப்ளேட்டை மாற்றினாள். இப்போது அந்த இடத்தில் யார் பாஸ்வேர்டு போட்டாலும் மூட்டை கட்டாமல் நின்றுவிடும். “படிக்காதவங்களுக்கும் சேத்துத்தான் எழுதணும், அது என் வேலை” என்றாளாம் நந்தினியிடம். ஒரு வார்த்தை ஏசவில்லை.

கூட்டம் முடிந்து வந்த அன்று நந்தினி சோறு தொடவில்லை. “நான் எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“எழுது ஆயா. என் பேரைப் போட்டே எழுது.”

“வேலைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆவட்டும். அவங்க பேருல அது இருக்கக் கூடாது.”

மெஹரு, நீ இருந்தவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று உன் பேச்சை மீறிவிட்டேன். பேத்தியைப் பற்றிக் குடியிருப்பு முழுக்கப் பெருமையடிக்கிறவள் நான். இனி அவள் செய்த தப்பையும், அதை யார் சுமந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன். நீ என்னிடம் விட்டுப்போனது அந்த உண்மை ஒன்றுதான்.