பாரம் என்று பேர் சொன்ன பிள்ளை

ஆண்டவர் செய்ததைச் சாட்சியாக எழுதுகிறவர்கள் சுகமான பிள்ளையைப் பற்றித்தான் எழுதுவார்கள். என் மகள் கிருபா சுகமாகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம். ஆனாலும் என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் எனக்கு வெகுகாலம் பிடித்தது.

எங்களுக்குப் போடி கடைத்தெருவில் பாத்திரக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. கிருபா அறுபத்தொன்பதில் பிறந்தாள். பார்க்க லட்சணமாக இருப்பாள். மூன்று வயதாகியும் அம்மா என்று கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் திரும்பவும் மாட்டாள். காதுதான் கேட்கவில்லையோ என்று பார்த்தால், தெருவில் லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் அலறுவாள். கடையில் இருக்கிற கரண்டிகளைச் சின்னதிலிருந்து பெரியதுவரை தரையில் வரிசையாக வைப்பாள். அதில் ஒன்றை நகர்த்தினால் போச்சு, அன்றைக்கு வீடு வீடாக இருக்காது. நாலு வயதுக்கு மேல் பேச்சு வந்தது. ஆனால் நாம் சொன்னதையே திருப்பிச் சொல்வாள். "சோறு வேணுமா?" என்று கேட்டால் "சோறு வேணுமா" என்பாள். வேணுமா வேண்டாமா என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

பேச்சு திருந்தும் என்று நாக்கில் வசம்பு தேய்த்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பதினோராவது நாள் டீச்சரே கையைப் பிடித்துக் கூட்டிவந்து கடை வாசலில் விட்டுவிட்டுப் போனார். மதுரையில் ஒரு டாக்டர் வெகுநேரம் அவளைப் பார்த்துவிட்டு, 'ஆட்டிசம்' என்று சீட்டில் எழுதினார். அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. மருந்து கிடையாது, வீட்டில் வைத்துப் பழக்குங்கள் என்றார். எதைப் பழக்குவது என்று நான் கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது ஜெபம்தான். எங்கள் சபைப் பெண்கள் வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வீடு கூடுவோம். செல்லத்தாய் அக்காதான் நடத்துவார். நல்ல மனுஷி, என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பழக்கம். கிருபாவை நடுவில் உட்காரவைத்து, எல்லோரும் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இந்தப் பாரத்த எடுத்துப்போடும்" என்று ஜெபிப்பார்கள். சபையில் அது சாதாரண வார்த்தை. கடன் பாரம், வியாதிப் பாரம், பிள்ளைப் பாரம் என்று எல்லோரும் சொல்வதுதான். கிருபாவுக்குத் தலையைத் தொட்டால் ஆகாது. கத்துவாள். பிசாசு கத்துகிறது என்று இவர்கள் இன்னும் சத்தமாக ஜெபிப்பார்கள். அவள் திமிறாமல் இருக்க இரண்டு கையையும் பிடித்துக்கொள்வது என் வேலை. மூன்று வருடம் வியாழன் தவறாமல் பிடித்தேன். வானம் வாய் திறக்கவில்லை. ஆண்டவர் மேல் எனக்கு வந்த கோபத்தை வெளியே சொல்ல முடியாமல் வீட்டுக்காரர் மேலும் பால்காரர் மேலும் காட்டிக்கொண்டிருந்தேன்.

எழுபத்தாறில் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார், ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். கூட்டத்துக்கு வந்தவர் கிருபாவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "பாப்பா, உம் பேரு என்ன?" என்று கேட்டார்.

கிருபா அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே "பாரம்" என்றாள்.

ஐயருக்கு விளங்கவில்லை. மறுபடியும் கேட்டார்.

"பாரம்."

"பாத்தீகளா ஐயா, புள்ள தானா ஜெபம் பண்ணுது. ஸ்தோத்திரம்" என்றார் செல்லத்தாய் அக்கா. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

பிள்ளை ஜெபிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறாள், அதுவும் வாழ்க்கையில் முதல் முறையாக. எல்லோரும் தன்னைச் சுற்றி நின்று, தன் தலையைத் தொட்டு, வாரா வாரம் எந்த வார்த்தையைச் சொன்னார்களோ அதுதான் தன் பேர் என்று நினைத்திருக்கிறாள். மற்றதும் அப்போதுதான் புரிந்தது. கொஞ்ச நாளாகவே சுவரோரம் நின்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டு, "எடுத்துப்போடும், எடுத்துப்போடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் கேட்டதைச் சொல்கிறாள் என்று நான் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை என்ன சொல்வது?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் சண்டை போட்டேன். முழங்கால்கூடப் போடவில்லை. "இவளச் சுகமாக்காட்டிப் போகுது. இவ பேர இவளுக்குக் குடும். நான் பாரம்னு நெனச்சுக்கிட்டு எம் புள்ள வளரக்கூடாது" என்றேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு எரிச்சல்.

அடுத்த வியாழக்கிழமை, இனிமேல் என் பிள்ளையை அப்படிச் சொல்லி ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செல்லத்தாய் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்ப எப்பிடித்தான் ஜெபிக்கச் சொல்ற?"

"பேரச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுங்கக்கா."

"பண்ணிருவோம். எதுக்குன்னு சொல்லு."

அக்கா என்னைக் குத்திக்காட்டவில்லை. ஜெபக் குறிப்பு கேட்பது போலத்தான் கேட்டார். ஏழு வருடம் வளர்த்த பிள்ளைக்காக நன்றி சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அவர்கள் வாரத்தில் ஒரு நாள் பாரம் என்றார்கள். நான் வாயால் சொல்லாமல் தினமும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று தேடினேன். அவள் செய்ததில் ஒன்றை அவள் காதுபடச் சொல்லி, அவள் பக்கத்திலேயே ஆண்டவருக்கு நன்றி சொல்வேன். 'நீ நல்லா அடுக்குன' என்றால் அவளும் 'நீ நல்லா அடுக்குன' என்று திருப்பிச் சொல்வாள், யாரைச் சொல்கிறாள் என்றே தெரியாது. அதனால் பேரை வைத்துச் சொன்னேன். "கிருபா டம்ளர அடுக்குனா." "கிருபா செருப்பத் தானே போட்டுக்கிட்டா." கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும். ஒரு நாள் பருப்பு டப்பாவைக் கொட்டி, என் கையையும் கடித்துவிட்டாள். அன்றைக்கு எதற்கு நன்றி சொல்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "கிருபா ரெண்டு இட்டிலி சாப்பிட்டா" என்றேன். இப்படியே மாதங்கள் போயின. அவள் தலையில் அடித்துக்கொள்வதும் நிற்கவில்லை. ஆண்டவர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

மறு வருடம் ஆவணியில், கூடலூரிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க ஜீப்பில் வந்தார்கள். எவர்சில்வர் தூக்குவாளி ஏழும் கடை முகப்பில் வரிசையாக இருந்தன. மூடிக்கு நேராக மூடி, கைப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருந்தன. பெண்ணின் தாயார் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இம்புட்டு அழகா யாரு அடுக்குனது?" என்று கேட்டார்.

அவர் வாய் திறப்பதற்குள் அலமாரிக்குக் கீழே இருந்து சத்தம் வந்தது.

"கிருபா. கிருபா அடுக்குனா."

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். ஒரு வருடத்துக்கு முன்னால் வரவேண்டிய அழுகை எல்லாம் அன்றைக்கு வந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தன்னைப் பற்றி ஒரு நல்லதை, தன் பேரோடு, தானே சொன்னாள். வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் குனிந்து பார்த்து, "நல்லா அடுக்கிருக்கத்தா" என்றுவிட்டு வாளியை எடுக்கப் போனார். கிருபா எடுக்க விடவில்லை. அன்றைக்கு அந்த ஏழு வாளியை விற்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. ஹாரன் சத்தத்துக்கு இன்றும் அலறுகிறாள். பள்ளிக்கூடம் இன்றும் அவளுக்கு இல்லை. என் கோபமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் தலையில் அடித்துக்கொள்வது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. 'எடுத்துப்போடும்' என்று அவள் சொல்லிக் கேட்டு வருடக்கணக்காகிறது. இதை நான் அற்புதம் என்கிறேன். வேறு பேர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய வியாழக்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு சகோதரி விவரம் தெரியாமல் கிருபாவின் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்து போவதற்குள் கிருபா அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக எடுத்து, அந்தச் சகோதரியின் மடியிலேயே வைத்தாள்.

"கிருபாவுக்குப் புடிக்கல" என்றாள்.

கத்தவில்லை. கடிக்கவில்லை. அந்தச் சகோதரி திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். செல்லத்தாய் அக்காதான் முதலில் பேசினார். "புள்ளைக்குப் புடிக்கலையாம். கைய எடுத்துட்டு ஜெபிங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. ஆண்டவர் எனக்கு என்ன கொடுத்தார் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

இப்படிப்பட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிற தாய்மார் இருப்பீர்கள். கர்த்தரை நம்புங்கள். கோபம் வந்தால் கோபமாகவே ஜெபியுங்கள், அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன சொல்லி ஜெபிக்கிறோம் என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்கும் காது கேட்கிறது.

கிருபாவுக்கு இப்போது பதினான்கு வயது. மாதத்தின் முதல் வியாழக்கிழமை எங்கள் வீட்டில்தான் கூட்டம். வாருங்கள். பேர் கேட்டால் சொல்லுவாள்.