வெண்ணெயும் கழுதையும் ஒரே டிராயரில்

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அட்டைக்காரர்’ என்றால்தான் தெரியும். எனக்கு மச்சான். ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீஸ், பிரெஞ்சு என்று லத்தீன் வயிற்றில் பிறந்த மொழிகளுக்கெல்லாம் சேர்த்து ஓர் அகராதி போடுகிறோம். இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறோம், இன்னும் இரண்டாம் எழுத்தைத் தாண்டவில்லை. நான் அங்கே தட்டச்சர்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. ரத்த உறவுள்ள சொற்களெல்லாம் ஒரே டிராயரில் இருக்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். ‘பிராவோ’ இத்தாலியனில் கெட்டிக்காரன், ஸ்பானிஷில் மூர்க்கன். பிழைப்பு வேறானாலும் வம்சம் ஒன்று, ஆகவே ஒரே டிராயர். பிறப்புக்கு ஆதாரம் இல்லாதவை கடைசி வரிசையில் அனாதை டிராயருக்குப் போகும். மச்சான் ஒரு சொல்லைப் பற்றி விசாரிக்கிற விசாரிப்பைப் பெண் கொடுக்கிற வீட்டில்கூட விசாரிக்க மாட்டார்கள்.

அப்படி இருக்கையில் ‘புர்ரோ’ வந்தது. ஸ்பானிஷிலும் போர்ச்சுகீஸிலும் அது கழுதை. இத்தாலியனில் வெண்ணெய். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். மச்சான் நான்கு மாதம் தோண்டினார். கழுதை, குட்டைக் குதிரைக்கு இருந்த பழைய லத்தீன் பெயரிலிருந்து வந்தது. வெண்ணெய் கிரேக்கத்திலிருந்து கிளம்பி, லத்தீனில் தங்கி, பழைய பிரெஞ்சு வழியாக இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒட்டுமில்லை, உறவுமில்லை. இரண்டு டிராயர் என்று எழுதினார்.

இயக்குநருக்கு அது பொறுக்கவில்லை. முகம் ஒன்றானால் ரத்தமும் ஒன்று என்பது அவர் கட்சி. வெண்ணெயைச் சந்தைக்குச் சுமந்தது கழுதைதான், அதனால்தான் பெயர் ஒட்டிக்கொண்டது என்று பதினாறு பக்கம் எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்த பாவி நான். ஒரே டிராயரில் போட்டுக் கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் டிராயர் சாவியை ஒப்படைத்துவிட்டு உறை ஒட்டும் பிரிவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது.

“தலை போனாலும் பொய்ப் பிறப்பு எழுத மாட்டேன் மாப்ள,” என்றார் மச்சான்.

அந்தச் சாவி போனால் மனிதர் ஒரு மாதம் தாங்க மாட்டார். எனக்கும் அக்காவுக்கும் பயமாகவே இருந்தது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். சாட்சியாக ஒரு தட்டில் வெண்ணெயும் கழுதையின் புகைப்படமும் மேஜைமேல் இருந்தன. வெண்ணெய் மட்டும் நேரில் வந்திருப்பது அநியாயம் என்று ஸ்பானிஷ் பிரிவுக்காரர் எழுந்து நின்றார். அதுவும் நியாயம்தான் என்று லிஃப்டை அளந்து பார்த்தார்கள். கழுதை ஏறாது. கடைசியில் வெண்ணெயையும் புகைப்படம் எடுத்துக் கழுதைப் படத்தின் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குள் வெண்ணெய் உருகி என் குறிப்பேட்டில் இறங்கிவிட்டது.

மச்சான் ஒவ்வொரு ஆதாரமாக எடுத்து வைத்தார். விசாரணைக் குழுவில் எல்லோரும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு அவர் மகள் வந்தாள். வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை நீட்டினாள்.

அவள் அக்காவின் முதல் கணவருக்குப் பிறந்தவள். அவர் இறந்து, அக்கா மச்சானைக் கட்டிக்கொண்டபோது குழந்தைக்கு ஒன்றரை வயது. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் எங்கிருந்து வந்ததோ, மச்சானின் அதே ஏறு நெற்றி, அதே முறக்காது.

இயக்குநர் விடுவாரா? “இது யாரு, உங்க பொண்ணா?”

“ஆமா சார்.”

“அப்படியே உங்கள உரிச்சு வச்சிருக்கா. ரத்தம் இல்லாம இந்த ஜாடை வருமா? பதில் சொல்லுங்க.”

பெற்ற மகள் இல்லை என்று மச்சான் சொன்னால் தீர்ந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். பதினாறு பக்கமும் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும், கையெழுத்துப் போடாமலே சாவியும் தங்கியிருக்கும். மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் காதைப் பார்த்தார். தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“நீங்க சொல்றது நியாயமாத்தான் படுது சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

படியில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “ஏன் மச்சான், கைக்கு வந்ததை இப்படிக் கோட்டை விட்டுட்டீங்களே? அந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே.”

“எந்த விஷயம் மாப்ள?”

மச்சானுக்கு நடிக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான சொற்களின் பிறப்பு அவருக்கு விரல் நுனியில், இந்த ஒரு பிறப்பு மட்டும் மறந்தே போயிருந்தது. “எந்த அட்டையை விட்டுட்டேன்?” என்று மறுபடியும் கேட்டுவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நடுப்படியில் நின்று யோசித்தார். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

மகள் என் முழங்கையை நன்றாகக் கிள்ளினாள்.

“ஒண்ணுமில்லப்பா. மாமா ஏதோ உளறுறாரு,” என்று அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள்.